எல்லைக்கோடு எங்கே வளைகிறது?

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு இடத்துக்குப் பெயர் இருக்கும், தபால் எண் இருக்கும், பள்ளிக்கூடமும் நூலகமும் இருக்கும். ஆனால் சட்டப்படி அது ஊரே இல்லை என்பார்கள். மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. ரோட்டில் பள்ளம் விழுந்தால் நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிக்கு போன் போட வேண்டும். வீட்டில் திருடு போனால் கவுன்ட்டியின் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். 'அன்இன்கார்ப்பரேட்டட்' என்று இதைச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, தாங்கள் எந்த நகரத்திலும் இல்லை என்பதே வீட்டு வரி ரசீதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நம்மூர்க் கதை வேறு. அங்கே எங்கே நின்றாலும் அது பெரும்பாலும் ஏதோ ஒரு ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ நகராட்சியிலோ மாநகராட்சியிலோதான் இருக்கும். தரம் உயர்த்துவதானால் அரசாணை வரும். இங்கே ஒரு பகுதி நகரமாக வேண்டுமென்றால், பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர்கள்தான் கிளம்ப வேண்டும். கையெழுத்து வாங்கி, எல்லை வரைந்து, ஓட்டுப் போட்டு, தங்களுக்குத் தாங்களே ஒரு அரசாங்கத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பகுதியிலும் அப்படி ஒரு குழு கிளம்பி வீடு வீடாக வந்தபோது, நானும் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரையில் எனக்குப் பட்டது இதுதான். புது நகரம் என்றதும் எல்லாரும் மேயர் யார், போலீஸ் வருமா, வரி ஏறுமா என்று கேட்கிறார்கள். நான் முதலில் வரைபடத்தைக் கேட்பேன். எல்லைக்கோடு எங்கே நேராகப் போகிறது, எங்கே திடீரென்று வளைந்து ஒரு கடைவளாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எந்தத் தெருவை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் சட்டம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரம் என்ற சொல்லே வராது. நகரங்கள் மாநிலங்களின் படைப்பு. 1868-ல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் இதை அப்பட்டமாக எழுதி வைத்தார்: மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் நகராட்சிக்கு உண்டு, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாநிலத்தால் முடியும். 1907-ல் அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பிட்ஸ்பர்க்கை ஒட்டி அலெகெனி என்று ஒரு தனி நகரம் இருந்தது. இரண்டையும் இணைப்பதற்கு வாக்கெடுப்பு நடந்தபோது அலெகெனிக்காரர்களில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் இரண்டு ஊர் ஓட்டுகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணும்படி மாநிலச் சட்டம் இருந்தது. பிட்ஸ்பர்க் பெரிய ஊர். அப்புறம் என்ன, முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. இது மாநிலத்தின் விருப்பம், நாங்கள் தலையிட முடியாது என்று நீதிமன்றம் கைகழுவிவிட்டது. பல மாநிலங்கள் 'ஹோம் ரூல்' (தன்னாட்சி) என்ற பெயரில் நகரங்களுக்குக் கொஞ்சம் கையை அவிழ்த்து விட்டன. 1875-லேயே மிசூரி அதற்கு வழி திறந்திருந்தது. ஆனாலும் கயிற்றின் மறுமுனை மாநிலத்திடம்தான் இருக்கிறது.

நகரமாவதற்கான வழிமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜார்ஜியாவில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும். நகரத்தின் அடிப்படை விதிகளான சாசனமே அந்த மசோதாவுக்குள்தான் இருக்கும். அது நிறைவேறினால்தான் உள்ளூர் வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவில் 1963-லிருந்து ஒவ்வொரு கவுன்ட்டியிலும் எல்லைகளுக்கென்றே ஒரு ஆணையம் இருக்கிறது, 'லாஃப்கோ' என்பார்கள். முதலில் கையெழுத்து மனு, அடுத்து நிதி ஆய்வு, அதன்பின் விசாரணை, கடைசியில் ஓட்டு. பல இடங்களில் பொதுவாக இருப்பது அந்த நிதி ஆய்வுதான். தடிமனாக ஒரு அறிக்கை வரும். விற்பனை வரி இவ்வளவு, சொத்து வரி இவ்வளவு, மின்சாரக் கம்பெனியும் கேபிள் கம்பெனியும் தெருவைப் பயன்படுத்துவதற்குத் தரும் கட்டணம் இவ்வளவு, ரோடும் போலீஸும் பூங்காவும் இழுக்கும் செலவு இவ்வளவு. கூட்டிக் கழித்துப் பார்த்துப் பற்றாக்குறை வந்தால் என்ன செய்வார்கள்? பல சமயம் வரைபடத்தை மாற்றுவார்கள். இந்தக் கடைவீதியைச் சேர்த்தால் சரியாகுமா, அந்தப் பழைய குடியிருப்பை விட்டுவிட்டால் ரோடு செலவு குறையுமா என்று.

இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் லேக்வுட் என்ற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீன்ஸ் வயல்களில் வரிசை வரிசையாக வீடு கட்டி உருவான இடம். பக்கத்திலிருந்த லாங் பீச் நகரம் அதைத் துண்டு துண்டாகத் தன்னோடு இணைக்கப் பார்த்தது. அதிலிருந்து தப்பிக்க லேக்வுட் மக்கள் 1954-ல் தனி நகரமானார்கள். ஆனால் போலீஸ் நிலையம் கட்டவில்லை, தீயணைப்பு வண்டி வாங்கவில்லை. கவுன்ட்டி அதுவரை செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே ஒப்பந்தம் போட்டுக் கவுன்ட்டியிடமே விட்டார்கள். ஷெரிஃப்பின் ஆட்களே ரோந்து வந்தார்கள். நகரத்தின் கையில் மிச்சமிருந்தது நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற அதிகாரமும் வரிப் பணமும். பெரிய அலுவலகம் எதுவும் இல்லாமலே நகரமாக முடியும் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து, 1956-லிருந்து உள்ளே நடக்கும் விற்பனையில் ஒரு சதவீத வரி நகரங்களுக்கே என்ற ஏற்பாடும் வந்து சேர்ந்தது. அந்தப் பகுதியில் புதுப் புது நகரங்கள் முளைத்தன.

அதில் சிலது வேடிக்கையாகவே இருக்கும். பால் பண்ணைக்காரர்கள், வீட்டுமனைக்காரர்கள் வந்து மாடுகளைத் துரத்திவிடுவார்கள் என்று பயந்து, 1956-ல் டெய்ரி வேலி என்று ஒரு நகரம் அமைத்தார்கள். மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு அதிகமாக இருந்த நகரம். சில ஆண்டுகள்தான். நிலத்தின் விலை ஏற ஏற, மாட்டைக் காப்பாற்றக் கோடு போட்ட அதே ஆட்கள் நிலத்தை விற்றார்கள். 1967-ல் ஊரின் பெயர் செரிட்டோஸ் என்று மாறியது. இன்று அங்கே கார் விற்பனையகங்கள் வரிசையாக நிற்கின்றன, விற்பனை வரி கொட்டுகிறது.

இன்னொன்று, பெயரே 'இண்டஸ்ட்ரி'. 1957-ல் ரயில் பாதையை ஒட்டி நீளமான பட்டையாக வெட்டி எடுத்த நகரம். தொழிற்சாலைகளும் கிடங்குகளும்தான் அதில் எல்லாமே. சட்டப்படி நகரமாக 500 பேர் குடியிருக்க வேண்டும். வேண்டுமென்றே வீடுகளைத் தவிர்த்து வரைந்த எல்லைக்குள் 500 பேருக்கு எங்கே போவது? உள்ளே இருந்த ஒரு மனநலக் காப்பகத்தின் நோயாளிகளையும் குடிமக்களாகக் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணிக்கையை நிரப்பினார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. சுற்றி இருக்கும் ஊர்களில் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடத்தின் வரி மட்டும் கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

சமீப காலத்துக்கு வந்தால் ஜார்ஜியாவின் சாண்டி ஸ்பிரிங்ஸ். அட்லாண்டாவுக்கு வடக்கே வசதியானவர்கள் அதிகம் இருக்கும் பகுதி. 1960-களில் அட்லாண்டா அதை இணைக்கப் பார்த்ததில் ஆரம்பித்த விவகாரம். தனி நகரமாக வேண்டும் என்று பல பத்தாண்டுகள் கேட்டும் சட்டமன்றத்தில் மசோதா நகரவில்லை. மாநிலத்தில் ஆட்சிக் கட்சி மாறிய பிறகு 2005-ல் வழி கிடைத்தது. அந்த ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 94 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி நகரம் பிறந்தது. கூட்டுக்குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிக்கும் மகன் தனிக்குடித்தனம் போவது மாதிரிதான். அவனுடைய கணக்கில் நியாயம் இருக்கும். ஆனால் மிச்சமிருக்கிறவர்கள் மளிகைச் செலவை எப்படிச் சமாளிப்பார்கள் என்பதும் ஒரு கணக்குதான். சாண்டி ஸ்பிரிங்ஸைப் பார்த்து 2006-ல் ஜான்ஸ் க்ரீக்கும் மில்டனும் பிரிந்தன. கடைசியில் 2017-ல் தெற்கே மிச்சமிருந்த பகுதியும் சவுத் ஃபுல்டன் என்று தனி நகரமானது. இவையெல்லாம் இருக்கும் ஃபுல்டன் கவுன்ட்டியில் ஊரில்லாத நிலம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

சாண்டி ஸ்பிரிங்ஸ் இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. போலீஸ், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லா வேலையையும் ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து கட்டட அனுமதி தருபவர்கூட கம்பெனி ஊழியர்தான். அரசாங்கமே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். 2019-ல் அதே நகரம், நாமே ஆள் வைத்துக்கொண்டால் செலவு குறைகிறது என்று கணக்குப் போட்டு, பெரும்பாலான வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த இரண்டாவது செய்தி முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை.

பிரிந்து போவதால் மிச்சமிருப்பவர்களுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1992-லேயே சட்டம் போட்டார்கள். புது நகரம் கவுன்ட்டியிடமிருந்து எவ்வளவு வருமானத்தை எடுத்துக்கொள்கிறதோ, அதற்கு ஏறக்குறைய சமமாகச் செலவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கப்புறம் அங்கே நகரங்கள் உருவாவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2011 ஜூலை 1-ல் ஜுருபா வேலி நகரமானது. அதே சமயத்தில் மாநில அரசு, வாகனக் கட்டணத்தில் நகரங்களுக்குத் தந்துகொண்டிருந்த பங்கை நிறுத்திவிட்டது. வரவு செலவே அந்தப் பணத்தை நம்பித்தான் போட்டிருந்தார்கள். பிறந்த சில வருஷங்களிலேயே ஊரைக் கலைத்துவிடலாமா என்று பேசும் நிலை. டில்லன் சொன்ன கயிறு இதுதான். பிற்பாடு மாநிலமே வழி செய்து கொடுத்ததால் பிழைத்தது. அடுத்த புது நகரம் மவுண்டன் ஹவுஸ். அதற்கு 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஓட்டும் ஜெயித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் விழாக்கோலம் கொஞ்சம்தான் இருக்கும். உறுதிமொழி, போட்டோ. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானங்கள். வங்கிக் கணக்கு தொடங்க, காப்பீடு எடுக்க, வக்கீலை நியமிக்க, ஊர் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரியை (இங்கே 'கிளார்க்' என்பார்கள்) நியமிக்க. அதில் முக்கியமானது ஒன்று: கவுன்ட்டியின் சட்டங்கள் அத்தனையும் அப்படியே நம்முடைய சட்டங்கள் என்று ஒரே தீர்மானத்தில் ஏற்றுக்கொள்வது. அதைச் செய்யாவிட்டால் நள்ளிரவுக்குப் பிறகு அந்த ஊரில் நாய் குரைத்தால்கூடக் கேட்பதற்குச் சட்டம் இருக்காது. பல ஊர்கள் அதே ராத்திரி புதுக் கட்டடங்களுக்குத் தற்காலிகத் தடையும் போடும். எதற்காக நகரமானோம் என்பது அந்தத் தடையில் தெரிந்துவிடும்.

நிர்வாக அமைப்பைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் நிறையப் பேசும். மேயருக்கு அதிகாரம் அதிகமா கவுன்சிலுக்கு அதிகமா என்று வகை பிரிக்கும். 1900 செப்டம்பரில் டெக்சஸின் கால்வெஸ்டனைப் புயல் தாக்கி ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஊரைத் தூக்கி நிறுத்த, ஆளுக்கு ஒரு துறை என்று பிரித்துக்கொண்ட ஆணையர் குழுவிடம் 1901-ல் ஆட்சியைக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் நாடெங்கும் அதுதான் ஃபேஷன். 1908-ல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் என்ற சின்ன ஊர், நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பொது மேலாளரைச் சம்பளத்துக்கு வைத்தது. 1913 வெள்ளத்தில் ஒஹையோவின் டேட்டன் மூழ்கிய பிறகு அங்கேயும் மேனேஜர் முறை வந்தது, அப்புறம் மளமளவென்று பரவியது. ஊர் மூழ்கினால்தான் நிர்வாகத்தை மாற்றத் தோன்றும் போலிருக்கிறது. நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வழக்கம் இன்னும் நிற்கிறது. வெர்மான்ட்டின் சின்ன ஊர்களில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை வாக்காளர்களே கூடி, வரவு செலவை வரி வரியாகப் பேசி ஓட்டுப் போடுவார்கள். இந்தப் பக்கம் நெப்ராஸ்காவின் மொனோவியைப் பாருங்கள். 2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை 1. ஒரு பாட்டி. மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாம் அவரே. மதுக்கடை நடத்துவதும் அவரே என்பதால் தனக்குத் தானே உரிமம் கொடுத்துக்கொண்டார்.

நடைமுறையில், சில ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் கவுன்சிலர்கள் பகுதிநேர ஆட்கள். பல் டாக்டர், ரியல் எஸ்டேட் முகவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரை ஓட்டுவது சிட்டி மேனேஜரும் கிளார்க்கும்தான். பக்கத்து ஊர்க் கவுன்சில் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மைக் மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. ஒரு பெரியவர் நடைபாதையில் வேர் கிளம்பி ஓடு தூக்கிக்கொண்டிருக்கிறது என்று போட்டோவை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தபோது சிவப்பு எரிந்தது, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். கவுன்சிலர்கள் நன்றி சொன்னார்கள். அதற்கடுத்து 'கன்சென்ட்' பட்டியல். பதினைந்து இருபது விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஓட்டில் தள்ளிவிடுவது. குப்பை ஒப்பந்த நீட்டிப்பு, ஒரு ஆலோசகருக்குக் கூடுதல் தொகை, போன கூட்டத்தின் குறிப்பு எல்லாம் அதில் உண்டு. முன்மொழிவு, வழிமொழிவு, எல்லாரும் ஆம். பெரியவரின் மூன்று நிமிஷத்துக்குள் இதை இரண்டு முறை முடித்திருக்கலாம். தவறு ஏதும் நடந்தது என்று சொல்லவில்லை. பணம் நகர்வது அந்தக் கட்டுக்குள்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

யாரும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பெல் நகரம் இருக்கிறது. சிறிய, ஏழை ஊர். 2005-ல் தனி சாசனம் வேண்டுமா என்று ஒரு சிறப்புத் தேர்தல். முப்பதாயிரத்துக்கும் மேல் மக்கள்தொகை உள்ள ஊரில் 400 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. சாசனம் வந்ததும், கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த உச்சவரம்பு கழன்றுகொண்டது. 2010-ல் பத்திரிகை வெளியே கொண்டுவந்தபோது சிட்டி மேனேஜரின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர். அது அமெரிக்க அதிபர் வாங்குவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பகுதிநேரக் கவுன்சிலர்களுக்கு ஆளுக்கு லட்சம் டாலர் அளவில். மேனேஜரும் கவுன்சிலர்களில் பலரும் சிறைக்குப் போனார்கள். எந்த வகை நிர்வாக அமைப்பு என்று கேட்டால், பாடப் புத்தகம் மெச்சும் மேனேஜர் முறைதான்.

மறுபடியும் வரைபடத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் ஹாம்ப்டன் என்று ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். 1990-களில் அது தன் எல்லையை நீட்டியது. புதிதாகச் சேர்த்தது வீடுகளையோ கடைகளையோ இல்லை. ஊருக்கு வெளியே போகும் 301-ஆம் எண் நெடுஞ்சாலையில் 1,260 அடி. நாலு மைதானம் நீளம்கூட வராது. அந்தத் துண்டில் போலீஸை நிறுத்தி, வேகமாகப் போகிறவர்களைப் பிடித்து அபராதம் போட்டுத்தான் ஊர் ஓடியது. 2014-ல் மாநிலத் தணிக்கையில் கணக்கு வழக்கு நாறிப்போய்க் கிடந்தது தெரிந்து, ஊரையே கலைத்துவிடச் சட்டமன்றம் தயாரானது. கடைசியில் பிழைத்தது. முதல் காரியமாக அந்த நெடுஞ்சாலைத் துண்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒஹையோவில் இதே தொழிலைச் செய்த நியூ ரோம் என்ற அறுபது பேர் கிராமத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, 2004-ல் கலைத்தே விட்டார்கள்.

எங்கள் பகுதிக் குழு காட்டிய வரைபடத்தில் ஒரு இடத்தில் கோடு தெருவின் நடுவே போகிறது. ஒரு பக்கம் புதிய கடைவளாகம், உள்ளே. எதிர்ப்பக்கம் பழைய அடுக்குமாடி வீடுகள், வெளியே. ஏன் என்று கேட்டேன். "அது இயற்கையான எல்லை சார்" என்றார் கையெழுத்து வாங்க வந்தவர். நான்கு வழிச் சாலையில் இயற்கை எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆள் நல்லவர்தான், ராத்திரி பகலாக உழைக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. நிதி ஆய்வு வரட்டும், அந்த அடுக்குமாடிகளைச் சேர்த்து ஒரு கணக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

உருவாக்குவதைவிடக் கலைப்பது கஷ்டம் என்பதால் இந்த நிதானம். நியூயார்க் மாநிலத்தில் டவுன் என்ற அமைப்புக்குள்ளேயே வில்லேஜ் என்று இன்னொன்று இருக்கும். ஒரே வீட்டுக்காரர் இரண்டுக்கும் வரி கட்டுவார். செலவைக் குறைக்க வில்லேஜைக் கலைத்துவிடுங்கள் என்று மாநிலமே ஊக்கத்தொகை தருகிறது. பெண்ணுரிமை மாநாட்டுக்குப் பெயர்போன செனெகா ஃபால்ஸ் கிராமம் அப்படி ஓட்டுப் போட்டு, 2011 கடைசி நாளோடு தன்னைக் கலைத்துக்கொண்டது. தெருக்களும் பூங்காக்களும் டவுனிடம் போய்விடும், மேயர் பதவி போய்விடும். ஆனால் அங்கே இப்படிக் கலைந்த கிராமம் வாங்கி வைத்த கடன் இருந்தால், அதைப் பழைய எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்கள்தான் அடைத்தாக வேண்டும். கடன் தீரும் வரை அவர்களுடைய வரி ரசீதில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வந்துகொண்டிருக்கும்.